பேர் கொடுக்காமல் வா

ரெபா, உறைமேல் இருக்கும் எழுத்தைப் பார்த்து, இது யாருடைய கை என்று நீ திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். யாரிடமும் சொல்லி எழுதவைத்தது இல்லை. உன் நைனாதான் எழுதுகிறேன். ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, மடியில் அரிவாள்மணைப் பலகையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். ஒரு வரி முடிந்ததும் நிமிர்ந்து அதைப் பார்த்துக்கொள்கிறேன். பிறகுதான் அடுத்த வரிக்குப் போகிறேன். "போன்லயே பேசிட்டா முடிஞ்சி பூடும். இன்னாத்துக்கு இந்த ரோதனை?" என்று உன் அம்மா கேட்டாள். போனில் பேசினால் நீ "சரி நைனா, சரி நைனா" என்று சொல்லிவிட்டு யசோதராவைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பப் போய்விடுவாய். தாளில் எழுதினால் கடைசிவரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டுத்தான் ஆகவேண்டும். எழுத்தில் இப்படி ஒரு சௌகரியம் இருப்பது இத்தனை வயசுவரை எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பேசுகிற மாதிரியே எழுதலாம் என்றுதான் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிற ரூபி சொன்னாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்கிற மாதிரி, தாளுக்கு வரும்போது பேச்சுக்கும் ஒரு சட்டை போட்டுவிடத் தோன்றுகிறது. மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடியே எழுதுகிறேன். அவர்களுக்கும் சட்டை மாட்டிவிட்டால் உனக்கு அடையாளம் தெரியாது. முக்கியமாக உன் அம்மாவை.

எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த பிறகு திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுக்கப் புதுசாகிவிட்டது எனக்கு. போன மாதம் ஒருநாள் ரயிலில் சும்மா ஏறி அத்திப்பட்டுவரைக்கும் போய்விட்டு வந்தேன். ஒரு வேலையும் இல்லை, ஸ்டேஷன் பேர்களைப் படிப்பதற்காகத்தான். விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா, "அடுத்தது இன்னா ஸ்டேஷன்னு சொல்லு பெர்சு, நான் தூங்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே தூங்கிவிட்டாள். என்னை நம்பி ஒருவர் தூங்கினார், ரெபா! அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யார் கொடுப்பார்? ஆனால் எல்லாம் சந்தோஷமான படிப்பு இல்லை. துறைமுகத்துக்கு வேலைக்குப் போன காலத்தில் தினமும் வழியில் ஒதுங்குகிற ஒரு சுவர் உண்டு. அதில் ஏதோ பெரிய எழுத்தில் இருக்கும். ஏதோ கம்பெனி விளம்பரம் என்று நினைத்திருந்தேன். இப்போது படித்தேன். "இங்கு சிறுநீர் கழிக்கக் கூடாது." வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை நீ படிக்காம இருந்த. படிச்சிருந்தா ஹார்பர் வரைக்கும் அடக்கிகினு போயிருப்ப" என்றாள்.

நான் படிக்காதவன் என்பது கோயிலில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியும். சின்ன வயசில் நீ என் பக்கத்தில் நின்று என் பாட்டுப் புத்தகத்தை நேராகத் திருப்பி வைப்பாய். பாட்டு எல்லாம் எனக்கு மனப்பாடம். புத்தகம் எந்தப் பக்கம் திறந்திருந்தால் என்ன? துறைமுகத்திலும் எழுத்து தேவைப்படவில்லை. மேலே கிரேன்காரர் உட்கார்ந்திருப்பார், அவருக்குக் கீழே நடப்பது தெரியாது. நான் கையை அசைப்பேன். இறக்கு, நிறுத்து, கொஞ்சம் இந்தப் பக்கம், போதும். அந்தக் கைப் பாஷையிலேயே வயசு போய்விட்டது. வீட்டிலும் அதே பாஷைதான். சாம்பார் போதும் என்றால் உன் அம்மாவுக்குக் கிரேன் நிறுத்துகிற மாதிரி கையைக் காட்டுவேன். இதை நீ ஞாபகம் வைத்துக்கொள், கடிதத்தில் பின்னால் இது வரும்.

அப்புறம் எதற்காக இந்த வயசில் அட்சரம் கற்றுக்கொண்டேன் என்று கேட்பாய். உன்னால்தான். அந்தச் சனிக்கிழமைக்காக.

யசோதரா பெரியவளானால் இதையெல்லாம் கேட்பாள், அதனால் அவளுக்கும் புரிகிற மாதிரி எழுதிவிடுகிறேன். நம்முடைய லுத்தரன் சபையில் ஒரு பழைய வழக்கம். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து, அதாவது இயேசுவை நினைத்துப் பீடத்தில் கொடுக்கிற அப்பமும் ரசமும், வாங்க வேண்டும் என்றால், முந்தின நாள் சாயங்காலமே கோயிலுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். கோயிலின் பக்கத்து அறையில் மேசை போட்டு செக்ரெட்டரி சாமுவேல் சார் உட்கார்ந்திருப்பார். நாம் பேர் சொல்வோம், அவர் எழுதுவார். எத்தனை பேரோ அத்தனை அப்பம் தட்டில் வைக்கப்படும். இதைக் கெட்ட எண்ணத்தில் யாரும் ஆரம்பிக்கவில்லை. சண்டையில் இருப்பவர்கள் பேர் கொடுக்க வருமுன் சமாதானம் ஆகட்டும், போதகருக்கும் யார் வருகிறார்கள் என்று தெரியட்டும் என்றுதான் அந்தக் காலத்தில் வைத்திருக்கிறார்கள். சாமுவேல் சாரின் தாத்தாவும் அதே மேசையில் உட்கார்ந்து எழுதியவர். ஆனால் எழுதுகிற கை ஒன்று இருந்தால், எழுதமாட்டேன் என்று சொல்கிற கையும் அதுவேதானே.

நீ சேகரைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு வந்த பிறகு வந்த சனிக்கிழமை. பச்சைப் புடவை கட்டியிருந்தாய். மேசை முன்னால் நின்று "ரெபேக்காள்" என்று சொன்னாய். சாமுவேல் சார் பேனாவை மூடி வைத்தார். "புத்த மதத்துக்காரன கட்டிகினு வந்துட்டியேம்மா. உன் பேரு இப்ப எப்படி எழுதறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் வருத்தம்தான். கோபமாகச் சொல்லியிருந்தால் நீ திருப்பிச் சண்டை போட்டிருப்பாய். அந்த வருத்தம்தான் உன் வாயை அடைத்துவிட்டது. நான் உன் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். கடல்பக்கம் வந்ததும், "நைனா, நீ போ. எனக்காக நீ நிறுத்தாதே" என்றாய்.

கோயிலுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் நானும் பேர் கொடுக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடுவேன், ஜெபம் செய்வேன், எல்லாரும் பீடத்துக்குப் போகும்போது நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். என் மகளுக்கு இடமில்லாத பந்தியில் நான் எப்படிப் போய் உட்காருவது? அதை நான் உன்னிடம் சொன்னதில்லை. உன் அம்மா மட்டும் போய்வருவாள். "நான் உன் பங்கையும் சேர்த்து வேண்டிக்கிறேன், நீ இங்க குந்தினு ரோசத்த பாத்துக்கோ" என்பாள். அப்புறம் சேகருக்குப் திருச்சி பொன்மலை ரயில் பணிமனைக்கு மாற்றல் வந்தது, நீங்கள் போய்விட்டீர்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் உனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். பெரம்பூரில் யாரையோ பார்க்க வேண்டும், யானைக்கவுனியில் ஏதோ வாங்க வேண்டும். நான் ஒன்றும் கேட்டதில்லை.

உன் புருஷன்தான் என் தலையில் ஒரு பொறியை வைத்தவன். ஊருக்குக் கிளம்புமுன் ஒருநாள் நம் வீட்டில் வஞ்சிரம் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டான். "மாமா, தப்பா நெனச்சிக்காத. ஒரு டவுட்டு. விருந்து வைக்கிறது உங்க சாமியா, செக்ரெட்டரியா?"

"சாமிதான்" என்றேன்.

"அப்ப டோக்கன இன்னாத்துக்கு செக்ரெட்டரி குடுக்கறாரு? ரேஷன் கடையா அது?"

உன் அம்மா அவன் இலையில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். அதுதான் அவளுடைய பதில். ரொம்ப நாள் அந்தக் கேள்வி என்னோடே இருந்தது. அதே கேள்வியைத்தான் உன்னோடு பாட்டுக்குழுவில் பாடின ரூபி, இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாளே, அவள் கோயிலுக்குள்ளேயே கேட்க ஆரம்பித்தாள்.

ரூபியும் சில குடும்பங்களும் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். நற்செய்தி விடுதலைக் குழு என்று பேர் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரூபி வீட்டு மொட்டைமாடியில் கூடுவார்கள். ஞானஸ்நானம் வாங்கின யாரும் பேர் கொடுக்காமலே திருவிருந்துக்கு வரலாம், யாரைக் கல்யாணம் செய்தாலும் வரலாம், கோயிலில் வேதபாடம் படிப்பது கமிட்டிக்காரர்களின் சொத்து இல்லை, பெண்கள் உட்பட யாரும் படிக்கலாம், இவ்வளவுதான் கேட்டார்கள். கோயிலில் அவர்களைக் கண்டால் கிண்டல். "விடுதலையா? எந்த ஜெயில்லேர்ந்து வந்தீங்க? பெயிலா, பரோலா?" என்று கேட்பார்கள். தெருவுக்குத் தெரு ஒரு புதுச் சபை கிளம்புகிற ஊர் இது. இவர்களும் கொஞ்ச நாளில் ஷாமியானா போட்டுத் தனியாகப் போய்விடுவார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒருநாள் கோயில் வாசலில் ஒருத்தர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். "புடிக்கலன்னா போய்கினே இருக்க வேண்டியதுதானே ரூபி?"

"எங்க போறது சித்தப்பா? இது எங்க வூடு. கதவு துரு புடிச்சிகினு தொறக்கமாட்டேங்குதுன்னா எண்ணெ வுடுவாங்களா, வூட்ட காலி பண்ணுவாங்களா?"

கடற்காற்றில் மாசத்துக்கு ஒரு தடவை கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுகிற ஊர் இது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த மொட்டைமாடிக்கு நான் போனது விடுதலைக்காக இல்லை, உண்மையைச் சொல்கிறேன். நானாகப் போய் ரூபியைக் கேட்டேன். "எனக்கு எழுதச் சொல்லித் தருவியா? முழுசா வேணாம். ஒரே ஒரு பேரு எழுதினா போதும்."

"யார் பேரு மாமா?"

"ரெபா பேரு. சாமுவேல் சார் எழுதமாட்டேன்னாரு. நானே எழுதி அந்த மேசையில வச்சிட்டு வந்துடறேன்."

ரூபி உள்ளே போய் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துவந்தாள். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு பேரோட நிறுத்தமாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். நிறுத்தவும் இல்லை. குழுவில் எல்லாரும் வேதத்தை ஆளுக்கு ஒரு வசனமாகப் படிப்பார்கள், முறை என்னிடம் வரும். நான் ஒரு வசனம் முடிப்பதற்குள் துறைமுகத்தில் ஒரு கப்பலே காலியாகிவிடும். யாரும் அவசரப்படுத்தியதில்லை. கிருபை, விடுதலை என்று வாயால் ஆயிரம் தடவை பாடியிருக்கிறேன். அந்தச் சொற்களை முதல்தடவையாகக் கண்ணால் பார்த்தபோது, போனிலேயே பேசிப் பழகினவர் வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது. நம் சபைக்குப் பேர் கொடுத்த அந்த ஜெர்மன் சந்நியாசி சண்டை போட்டதே இதற்காகத்தானாம். கடவுளுடைய அன்பை யாரும் சம்பாதிக்க முடியாது, சும்மா வாங்கிக்கொள்ளத்தான் முடியும் என்று. நமக்குள்ளேயே வைத்திருந்த பொருளைத்தான் நாம் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

குழு எழுதிக் கொடுத்த மனுவைச் சபைக் கமிட்டி படிக்கவே இல்லை. அப்போது குழு ஒரு முடிவுக்கு வந்தது. அடுத்த திருவிருந்து ஞாயிறு யாரும் பேர் கொடுக்க வேண்டாம், எல்லாரும் அமைதியாகப் பீடத்துக்குப் போவோம், போதகர் கொடுத்தால் வாங்குவோம், இல்லையென்றால் ஜெபம் செய்துவிட்டுத் திரும்புவோம். நான் வரமாட்டேன் என்றேன். ரெபா வருகிறவரைக்கும் கடைசி பெஞ்சுதான் என்றேன். ரூபி விடவில்லை. "மாமா, இன்னிக்கி நீங்க பேர் குடுக்காம போனாதான் நாளைக்கி அவ பேர் குடுக்காம வரமுடியும். வழிய யாராவது நடந்து போடணும்ல?" வெள்ளைச் சட்டையை உன் அம்மா கஞ்சி போட்டு வைத்தாள்.

நாங்கள் எல்லாவற்றையும் யோசித்தோம். என்ன பாட்டு, எந்த வரிசை, போதகர் மறுத்தால் எப்படித் திரும்புவது, எல்லாம். ஒன்றை மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. அப்பம் வைப்பது கொடுத்த பேர்களின் கணக்குக்குத்தான் என்பதை அடியோடு மறந்துவிட்டோம்! பிறந்ததிலிருந்து பேர் கொடுத்தே பழகினவர்கள் அல்லவா, பேர் கொடுக்காவிட்டால் தட்டில் என்ன நடக்கும் என்பது யாருக்குத் தெரியும்?

அன்றைக்கு முன்பெஞ்சில் இருந்து வரிசையாகப் போனார்கள். போதகர் சின்ன வயசுக்காரர், போன வருஷம் வந்தவர். குழுவில் ஒருத்தர் முதல்தடவையாக அவர் முன்னால் மண்டியிட்டபோது ஒரு நொடி நின்றார். அப்புறம் எல்லாருக்கும் கொடுக்கிற மாதிரி கொடுத்தார். அடுத்தவருக்கும் கொடுத்தார். கோயிலே மூச்சை விட்டது. சாமுவேல் சார் எப்போதும்போல நடுவழியில் நின்று ஒவ்வொரு பெஞ்சாக அனுப்பிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது, ஆனால் ஆராதனை நடுவே சத்தம் போடுகிறவர் இல்லை அவர். எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியில்தான் அவர் வருவார். நானும் கடைசி பெஞ்சு. அதனால் பீடத்துக்கு முன்னால் மரக்கிராதியில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டோம். எவ்வளவு காலத்துக்கு அப்புறம் நான் அந்த மரத்தைத் தொட்டேன் தெரியுமா? போதகர் என் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். அடுத்து சாமுவேல் சாரிடம் போனார். தட்டில் ஒன்றும் இல்லை.

போதகர், கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளையைப் பார்த்தார். கோயில்பிள்ளை கிட்டே வந்து காதோடு சொன்னார். "மீதி அப்பம் இருக்கற டப்பா உங்க வூட்ல கீது அய்யா. கேட் போட்டுட்டான்." போதகர் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் என்பது உனக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி வண்டியும் சரக்கு வண்டியும் சேர்ந்துகொண்டால் அந்தக் கேட் எப்போது திறக்கும் என்பதும் தெரியும். சாமுவேல் சார் கைகளை ஏந்தியபடியே இருந்தார். வெறும் கை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பேர் குடுத்தது நான்யா" என்றார். அந்தக் குரலில் அதிகாரம் இல்லை, ரெபா. பந்தியில் இலை போட்டுவிட்டுச் சோறு வராமல் உட்கார்ந்திருப்பவன் குரல் அது. அது எனக்கு நன்றாகத் தெரியும். பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தவள் பக்கத்தில் நடந்தவன் நான்.

என் கையில் இருந்ததை நான் வாயில் போடவில்லை. பக்கத்தில் ஒருவர் வெறும் கையோடு இருக்கும்போது எப்படிப் போடுவது? போதகர் மெதுவாக, "ரொட்டி ஏதாவது கிடைக்குமா?" என்றார். உன் அம்மா முன்னாலேயே வாங்கிவிட்டு, காற்றுக்காகக் கதவோரம் நின்றிருந்தாள். கோயில் நடுவே கத்த முடியுமா? நான் திரும்பி, இடது கையில் அப்பத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தூக்கிக் காட்டினேன். வெளியே, எதிர்ப்பக்கம், ரொட்டி, சீக்கிரம் இறக்கு. ஒரு கப்பல் சரக்கையே அப்படி இறக்கியவன்தானே. உன் அம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் எதிரே டீக்கடை பாய் எங்களிடம் சொன்னது இது. இவள் மூச்சு வாங்க வந்து, "பாய், பன்னு குடு பன்னு" என்றாளாம். "டீ எத்தினி?" என்றாராம். "டீ வோணாம் பாய், சாமிக்கு" என்றாளாம். அவர் கண்ணாடிப் பெட்டியில் இருந்ததை விட்டுவிட்டு, உள்ளேயிருந்து அப்போதுதான் வந்த தட்டை எடுத்து, "சாமிக்குன்னா சூடா எடுத்துனு போ" என்று தாளில் சுற்றிக் கொடுத்தாராம்.

போதகர் பன்னைப் பீடத்தின்மேல் வைத்து, இயேசு கடைசி இராத்திரியில் சொன்ன வார்த்தைகளை அதன்மேலும் முழுசாகச் சொன்னார். பிட்டார். கோயில் முழுக்க வெண்ணெய் வாசனை. சாமுவேல் சார் கைக்கு வந்த துண்டில் டூட்டி ஃப்ரூட்டி ஒன்று சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். வாங்காமல் எழுந்து போயிருக்கலாம். போவார் என்றுதான் நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார், என் கையில் அப்பம் அப்படியே இருப்பதை அப்போதுதான் கண்டார். "நீ இன்னும் சாப்புடல?" என்றார். "நீங்க வாங்கட்டும்னு" என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து வாயில் போட்டோம். அவர் ரொம்ப நேரம் மென்றார்.

சந்தோஷத்தோடு முடிந்தது என்று நினைத்தால் அடுத்த வாரமே வந்தது வினை. டீக்கடை பன்னைப் பீடத்தில் வைத்தார்கள் என்று யாரோ தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டார்கள். அங்கிருந்து ஒரு மூத்த போதகர் வந்தார், சபைக் கூட்டம் கூட்டினார்கள். போதகரை மாற்ற வேண்டும், விடுதலைக் குழுவைச் சபைப் பொறுப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்மானம். அதைப் படித்துச் சொல்ல வேண்டியவர் செக்ரெட்டரி. எனக்கு அன்றைக்குப் பயம், ரெபா. தீர்மானம் நிறைவேறினால் உனக்காகத் திறந்த கதவு மறுபடி சாத்திக்கொள்ளும், இந்த முறை எண்ணெய் விட ஆளும் இருக்காது. ரூபி என் பக்கத்துப் பெஞ்சில் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

சாமுவேல் சார் எழுந்தார். தாளை விரித்தார், மூக்குக்கண்ணாடியைப் போட்டார், அப்புறம் கழற்றிவிட்டார். "இத நான் படிக்கப் போறதில்ல" என்றார். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து நாங்கதான் பேர் எழுதறோம். எழுதினா ஒழுங்கு இருக்கும்னு நெனச்சேன். அன்னிக்கி மொதல் பேரு என் பேரு. எனக்கு இல்ல. பேரே குடுக்காதவன் கையில வச்சிகினு எனக்காகக் காத்துகினு இருந்தான். அவன் பொண்ணு பேர எழுதாதவன் நான். இதுக்கு மேல எந்த மூஞ்சிய வச்சிகினு நான் பேனா புடிக்கறது?" மூத்த போதகரைப் பார்த்து, "பன்னு தப்புன்னா மொதல்ல என்ன நீக்குங்க அய்யா. சாப்ட்டது நான்தான். நல்லாவும் இருந்திச்சி" என்றார்.

கோயிலே சிரித்துவிட்டது. மூத்த போதகரும் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. உன் அம்மா சத்தமாக "ஸ்தோத்திரம்!" என்றாள், பத்து பேர் சேர்ந்து சொன்னார்கள். நான் அழுதேன் என்று அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். அது மின்விசிறிக் காற்று.

எல்லாமும் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. பேர் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தியது நம் கோயிலில் மட்டும்தான், அதுவும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மற்றக் கோயில்களில் மேசை அப்படியே இருக்கிறது. கோபித்துக்கொண்டு ராயபுரம் பக்கம் போன குடும்பங்களும் உண்டு. அவர்களைத் திரும்பக் கூப்பிட ரூபி போய்க்கொண்டிருக்கிறாள், டீ கிடைக்கிறது, பதில் கிடைக்கவில்லை. சாமுவேல் சாருக்கும் எனக்கும் இன்னும் சண்டை உண்டு. இப்போது அப்பம் மீந்துபோகிறதாம், அது என்னாலாம். "விடுதலைன்னா அளவு வேணாமாயா?" என்கிறார். "விருந்துன்னா மீறத்தான் சார் செய்யும்" என்கிறேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் வயசை நீ தாண்டிவிட்டாய். ஆனாலும் தாளில் இடம் இருக்கிறது. உன்னைத் தள்ளிவைத்த வீட்டை வெறுக்காதே. வெறுத்தால் அவர்கள் சொன்னதை நீயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். சேகரை எதற்கும் இழுக்காதே. அவன் மனசுக்குப் பிடித்தபடி அவன் இருக்கட்டும். ரேஷன் கடை என்று ஒரு வார்த்தை சொல்லி எங்கள் சபைக்கு அவன் செய்த உபகாரம் அவனுக்கே தெரியாது. யசோதராவுக்கு இரண்டு பக்கத்துக் கதையையும் சொல். எதையும் அவள் பயந்து நம்ப வேண்டாம், சந்தோஷமாக நம்பட்டும். யாராவது வருத்தமான முகத்தோடு "உன் பேரை எழுத முடியாது" என்று அவளிடம் சொன்னால், வாயடைத்துப் போகாமல் இருக்கக் கற்றுக்கொடு. அந்த ஒன்றை நாங்கள் உனக்குக் கற்றுக்கொடுக்க மறந்துவிட்டோம்.

இந்த மாசக் கடைசி ஞாயிறு நம் கோயிலில் சீர்திருத்தத் திருநாள். திருவிருந்து உண்டு. முதல் பாடம் ரூபி படிக்கிறாள். நம் கோயிலில் திருநாள் அன்று ஒரு பெண் படிப்பது இதுதான் முதல்தடவை. இரண்டாவது பாடம் நான். நிருபம் படிக்கப் போகிறேன். நிருபம் என்றால் கடிதம்தானாம், யாரோ யாருக்கோ அன்போடு எழுதியது. அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கும் ஒன்று எழுத ஆசை வந்தது. தினமும் படித்துப் பழகுகிறேன். உன் அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்கிறாள். "மெதுவா படி, ஒன்னும் வண்டி பூடாது" என்கிறாள். இப்போது அவளுக்கு இந்தப் பலகை வேண்டுமாம், அதனால் சீக்கிரம் முடிக்கிறேன்.

நீ வரவேண்டும். மூன்று பேரும் வாருங்கள். சேகர் என் பெஞ்சில் உட்காரட்டும், யசோதரா பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். இப்போது நேராகத்தான் பிடிக்கிறேன், ஆனாலும் பிடித்துக்கொள்ளட்டும். நீ எழுந்து பீடத்துக்குப் போ. நான் பின்னாலேயே வருவேன்.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன். உன் பேரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். இதற்காகத்தானே கற்றுக்கொண்டேன், ஒருமுறையாவது கொண்டுபோக வேண்டும் என்று இருந்தது. பக்கத்து அறையில் மேசை இல்லை, நாற்காலி இல்லை, விளக்கும் இல்லை. கொஞ்ச நேரம் அந்த வெறும் அறையில் நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பேர் எழுதக் கற்றுக்கொண்டேன், கொடுக்கத்தான் ஆளில்லை.

அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் நைனா கையில் உன் பேர் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார். பார்த்துவிட்டு, அதை அங்கேயே வைத்துவிட்டு வா.